எவருக்கும் உரிமையில்லாத நிலம்: யூத, கிறித்தவ மரபுகளில் வனாந்தரம்

மூஸா (அலை) அவர்கள் வழிவந்தவை என யூதர்கள் போற்றும் ஐந்து நூல்களுள் நான்காவதற்குத் தமிழில் 'எண்ணாகமம்' என்று பெயர். கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதில் வரும் குடிக்கணக்கைக் கருதி 'எண்கள்' எனப் பெயரிட்டனர். அரபியில் 'ஸிஃப்ருல் அதத்' என்றும் தமிழில் எண்ணாகமம் என்றும் அதுவே நிலைத்துவிட்டது. யூதர்களோ தம் எபிரேய மொழியில் அந்நூலை அவ்வாறு அழைப்பதில்லை. தொடக்க வாசகத்திலுள்ள ஒரு சொல்லைக் கொண்டு 'பமித்பார்' என்பர். 'வனாந்தரத்தில்' என்பது அதன் பொருள். ஒரு சமுதாயம் எத்தனை பேர் என்று எண்ணப்பட்டதை நினைவில் வைப்பது ஒன்று. எங்கே நின்றபோது எண்ணப்பட்டது என்பதை நினைவில் வைப்பது வேறொன்று. யூத மரபு இரண்டாவதையே தேர்ந்துகொண்டது.

'மித்பார்' என்னும் சொல் தமிழாக்கியோரைச் சற்றுத் திணறச் செய்திருக்கிறது. புராட்டஸ்டண்ட் கிறித்தவர்களின் பழைய மொழிபெயர்ப்பு அதனை 'வனாந்தரம்' என்றது. வனம் என்றால் நமக்குக் காடு. எனவே படிப்போர் மனத்தில் மரங்களே தோன்றும். பிற்கால மொழிபெயர்ப்பு 'பாலைநிலம்' என்கிறது. அங்கே மணற்கடல் தோன்றுகிறது. உண்மையில் மித்பார் இவ்விரண்டும் அன்று. உழவும் வீடும் இல்லாத, மழை பெய்தால் மட்டும் புல் தலைகாட்டுகிற, இடையர்கள் ஆடுகளை ஓட்டிச் செல்கிற வறண்ட வெளியே அது. அரபியில் 'பாதியா' என்ற சொல் இதற்கு மிக நெருக்கமானது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்ற சிலப்பதிகாரச் செய்தியை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இத்தகைய நிலம் புரியாததன்று. பழகிய சொல் என்பதால் இக்கட்டுரையில் வனாந்தரம் என்றே ஆள்கிறோம்.

பனூ இஸ்ராயீல் சமுதாயத்தினர் நாற்பதாண்டுகள் நிலத்தில் திசையறியாது திரிந்த செய்தி ஸூரத்துல் மாயிதாவில் வருகிறது. அவ்விடத்தைப் பாடம் நடத்தும்போதெல்லாம் 'இது தண்டனை' என்று விளக்கிவிட்டு நாம் அடுத்த வசனத்திற்குச் சென்றுவிடுகிறோம். தண்டனைதான், ஐயமில்லை. ஸீனாய்த் தீபகற்பத்தின் நடுவிலுள்ள மேட்டுநிலம் இன்றளவும் அத்திரிதலை நினைவூட்டும் 'தீஹ்' என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. ஆயினும் தண்டனைக் காலத்தையே தன் வரலாற்றின் நெருக்கமான காலமாக ஒரு சமுதாயம் எவ்வாறு நினைவுகூர்ந்தது என்பதும், பின்வந்த கிறித்தவர்கள் அதே வெளியை எதற்காகத் தேடிச் சென்றனர் என்பதும் நாம் கேட்காமல் விட்ட கேள்விகள். அவர்களுடைய நூல்களைப் புரட்டும்போது, அந்நிலம் யாருக்கும் உரியதல்ல என்ற எண்ணம் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதைக் காண்கிறோம். அதன் ஆன்மிக மதிப்பும், பின்னால் அதனால் விளைந்த அவலமும் அந்த ஓர் எண்ணத்தில் அடங்கியிருக்கின்றன.

இன்று யூதர்களின் கையிலுள்ள தவ்ராத்தின் முதல் நூலில், இறைவனின் வானவர் ஒரு மனிதரை நோக்கி முதன்முதலாகப் பேசும் இடம் வனாந்தரத்து நீரூற்று ஒன்றன் அருகில் அமைகிறது. அவ்வாறு அழைக்கப்பட்டவர் அரசரோ குலத்தலைவரோ அல்லர். வீட்டிலிருந்து ஓடிவந்த பணிப்பெண், எகிப்தியர். தமிழ் விவிலியம் 'ஆகார்' என்று கூறும் அன்னை ஹாஜரா அவர்களே அவர். தம்மைக் காண்பவன் என்ற பொருளில் இறைவனுக்கு அவர் ஒரு பெயர் சூட்டியதாக அந்நூல் கூறுகிறது. பின்னொரு முறை மகனுடன் பெயர்ஸபா வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து தவித்தபோதும் அழைப்பு வந்தது. கிணறு கண்ணுக்குப் புலப்பட்டது. நிகழ்ந்த இடம் குறித்து நம் மரபு வேறு கூறுகிறது. அவ்விவாதத்துள் நாம் இங்கே செல்லவில்லை. எந்த வீட்டிலும் பங்கில்லாத ஒரு தாய்க்கே வனாந்தரத்தின் முதல் உரையாடல் வாய்த்தது என்பதை யூத வேதமே பதிவு செய்திருக்கிறது என்பதுதான் நோக்கத்தக்கது.

அடுத்து ஸீனாய் மலைச் செய்தி. இறைச்சட்டம் வாக்களிக்கப்பட்ட நாட்டில் அருளப்படாமல் இடைவழியில் அருளப்பட்டது ஏன் என்று யூத அறிஞர்கள் நெடுநாள் சிந்தித்திருக்கின்றனர். கிறித்துவின் காலத்தையொட்டி அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஃபிலோ என்ற யூதத் தத்துவஞானி, நகரங்களில் செருக்கும் ஆரவாரமும் மண்டிக்கிடப்பதால் தூய்மையான இடம் தேவைப்பட்டது என்று காரணம் கூறினார். பெருநகரம் ஒன்றில் வசதியாக வாழ்ந்தவர் நகரத்தைப் பழிப்பதில் வியப்பொன்றுமில்லை. இதைவிட ஆழமான விடையை ரப்பிமார்கள் தந்தனர். யாத்திராகமத்திற்கு அவர்கள் வகுத்த 'மெகில்தா' என்னும் பழைய விளக்கநூல் கூறும் கருத்து இது: இஸ்ராயீலின் நாட்டில் தவ்ராத் அருளப்பட்டிருந்தால் ஏனைய மக்களுக்கு அதில் பங்கில்லை என்று அவர்கள் கூறியிருப்பார்கள், ஆகவே உரிமையாளர் எவரும் இல்லாத இடத்தில், யாவரும் அறிய அது அருளப்பட்டது, ஏற்க விரும்புபவர் எவராயினும் வந்து ஏற்கலாம். வேறொரு விளக்கநூல் நெருப்பு, நீர், வனாந்தரம் ஆகிய மூன்றுடன் தவ்ராத்தைச் சேர்த்துப் பேசுகிறது. இம்மூன்றும் விலையின்றி எவருக்கும் கிடைப்பவை. அதற்கும் ஒரு படி மேலே சென்ற ரப்பிமார், தன்னையே வனாந்தரம்போல் உரிமையாளரற்றவனாக ஆக்கிக்கொள்ளாதவனுக்கு வேதஞானம் வாய்க்காது என்றனர்.

இங்கே அவர்கள் ஆளும் சொல் 'ஹெஃப்கேர்'. யாருடைய உடைமையும் அல்லாத பொருளைக் குறிக்கும் சட்டச்சொல் அது. ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு 'மவாத்' என்ற சொல் உடனே நினைவில் எழும். 'இறந்த நிலம்' என்பது அதன் நேர்ப்பொருள். அச்சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

உரிமையின்மை நிலத்தோடு நின்றுவிடவில்லை. உணவிற்கும் அதுவே விதியாயிற்று. மன்னு இறங்கியபோது ஆளுக்கு ஓர் ஓமர் அளவே சேர்க்க வேண்டும் என்று கட்டளை. மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவுமில்லை. மறுநாளுக்கென வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முன்தினம் மட்டுமே விதிவிலக்கு. களஞ்சியங்கள் நிறைந்த எகிப்திலிருந்து வந்த மக்களுக்கு, சேமிக்க முடியாத உணவைத் தின்று வாழ்வது எத்தகைய பயிற்சி என்று எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் முணுமுணுத்ததை நாம் எளிதாகக் கண்டித்துவிடுகிறோம். நாளைய சோற்றுக்கு உறுதியின்றி நாற்பது நாள்கூட இருந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிற்காலத்தில் நிலமும் வீடும் வாய்த்த பிறகு, அறுவடை முடிந்து களஞ்சியம் நிரம்பும் பருவத்திலேயே ஏழு நாள்கள் தழைவேய்ந்த குடிலில் வாழவேண்டும் என்று அவர்களுக்கு விதிக்கப்பட்டது. 'ஸுக்கோத்' எனப்படும் அப்பெருநாளை யூதர்கள் இன்றும் கொண்டாடுகின்றனர். குடிலின் கூரை நட்சத்திரம் தெரியுமளவிற்கு இடைவெளியுடன் இருப்பது சிறப்பெனக் கருதுகின்றனர்.

எனினும் வனாந்தரத்தைப் பற்றி யூத நினைவு ஒருமுகமானதன்று. ஓசியா, எரேமியா ஆகிய தீர்க்கதரிசிகளின் நூல்களில் அது புதுமணக் காலம்; விதைக்கப்படாத நிலத்தில் மக்கள் இறைவனைப் பின்தொடர்ந்த இனிய நாள்கள். எசேக்கியேலின் நூலிலும் சில சங்கீதங்களிலும் அதுவே கலகக் காலம். ஒரே நாற்பதாண்டுகளுக்கு இரு நினைவுகள்! ஆய்வாளர்கள் இதனை முரண்பாடு என்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. நெருக்கம் இருந்த இடத்தில்தான் பிணக்கும் பதிவாகும். எரேமியாவின் நூலில் ரேகாபியர் என்ற சிறு கூட்டத்தார் வருகின்றனர். வீடு கட்டாதே, விதைக்காதே, திராட்சைத் தோட்டம் வைக்காதே, மது அருந்தாதே, கூடாரத்திலேயே வாழ் என்ற மூதாதையின் கட்டளையைத் தலைமுறைகள் கடந்தும் அவர்கள் காத்து வந்தனர். படை அச்சத்தால் எருசலேமுக்குள் ஒதுங்கியிருந்தபோது முன்னே வைக்கப்பட்ட மதுவையும் அவர்கள் தொடவில்லை. நிலமும் மதிலும் ஆலயமும் உடைய நகரத்தாருக்கு அவர்களையே சான்றாக நிறுத்தினார் எரேமியா.

அச்சத்திற்குரிய இடமாகவும் வனாந்தரம் இருந்தது என்பதை மறைக்கலாகாது. பாவநிவாரண நாளில் மக்களின் பாவங்களைச் சுமத்திய ஓர் ஆட்டுக்கடா 'அஸாஸேல்' என்பதற்காக அங்கே அனுப்பப்பட்டது. தீய ஆற்றல்கள் உறையும் இடம் என்ற எண்ணம் யூதரிடமிருந்து கிறித்தவருக்கும் சென்றது. பிற்காலத் துறவிகள் அங்கே சென்றதற்கு அமைதியை நாடியது மட்டுமே காரணமன்று. ஷைத்தானை அவனுடைய இடத்திலேயே எதிர்கொள்ளப் போகிறோம் என்று அவர்கள் கருதினர்.

இல்யாஸ் (அலை) அவர்களைப் பற்றி யூத வேதம் கூறும் நிகழ்ச்சி இப்பொருளில் மையமானது. அரசியின் கொலை மிரட்டலுக்குத் தப்பி அவர்கள் பெயர்ஸபாவைக் கடந்து, வனாந்தரத்தில் ஒரு நாள் வழி நடந்து, ஒரு செடியின் கீழ் அமர்ந்து இறப்பை வேண்டினார்கள். அச்செடியின் எபிரேயப் பெயர் 'ரோத்தெம்'. அரபியில் 'ரதம்' என்பதும் அதே செடிதான். வெண்பூப் பூக்கும் பாலைப் புதர். அங்கே வானவர் உணவளிக்க, அவ்வலிமையில் நாற்பது நாள் நடந்து ஹோரேப் மலையை அடைந்தார்கள். பெருங்காற்று வீசியது, நிலம் அதிர்ந்தது, நெருப்பு எழுந்தது. இறைவன் அவற்றில் இல்லை. பின்னர் ஒரு மெல்லிய அமைதி. இதுவரை பலரும் எடுத்துச் சொல்வதே. அதன்பின் வந்த கட்டளையைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர்: வந்த வழியே திரும்பிச் செல்லுங்கள், அரசர்களையும் உமக்குப் பின் வரவேண்டியவரையும் நியமியுங்கள் என்பதே அது. மலையில் தங்க அனுமதியில்லை.

தல்மூதில் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. உரோமரைக் குறைகூறியதற்காகத் தேடப்பட்ட ஷிமோன் பார் யோஹாய் என்ற ரப்பி, மகனுடன் ஒரு குகையில் பன்னிரண்டு ஆண்டுகள் ஒளிந்திருந்தார். கரோப் மரமும் ஊற்றும் அவர்களுக்கு அருளப்பட்டன. ஆடை நைந்துவிடாதிருக்க அதனைக் கழற்றிவைத்துக் கழுத்தளவு மணலில் புதைந்து வேதம் ஓதினர். வெளியே வந்தபோது ஒருவன் உழுது விதைத்துக்கொண்டிருந்தான். நிலைவாழ்வை விட்டுவிட்டு இவ்வுலக வேலையில் ஈடுபடுகிறானே என்று சினந்து அவர்கள் பார்த்த இடமெல்லாம் எரிந்தது. என் உலகை அழிக்கவா வெளியே வந்தீர்கள், குகைக்கே திரும்புங்கள் என்று வானிலிருந்து குரல் எழுந்தது. மேலும் பன்னிரண்டு திங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தார்கள். ஓய்வுநாளைச் சிறப்பிக்க இரண்டு கொத்து மணத்தழையை ஏந்தி அந்தி நேரத்தில் ஓடிய ஒரு முதியவரைக் கண்ட பிறகே அவர்கள் மனம் அடங்கியது. யூதர்களிடம் நிலையான துறவு மடங்கள் ஏன் பெருகவில்லை என்பதற்கு நீண்ட விளக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. இந்த ஒரு கதை போதுமானது என்பது நம் கருத்து.

ஆயினும் இரண்டாம் ஆலயக் காலத்தின் இறுதியில் வனாந்தரம் நோக்கிப் பலர் சென்றனர். அதற்கு வழிகாட்டியாக அமைந்தது ஏசாயா நூலின் நாற்பதாம் அதிகாரத்திலுள்ள ஒரு வாசகம். குர்ஆன் ஓதுவோர் 'வக்ஃபு'—எங்கே நிறுத்துவது—என்பதன் அருமையை அறிவர். இங்கும் அதுவே பிரச்சினை. 'வனாந்தரத்தில்' என்ற சொல்லை முன்னுள்ள குரலுடன் சேர்த்தால், குரல் வனாந்தரத்தில் எழுகிறது என்றாகும். பின்னுள்ள கட்டளையுடன் சேர்த்தால், பாதை வனாந்தரத்தில் அமைக்கப்பட வேண்டும் என்றாகும். எபிரேய வாசகத்தின் நிறுத்தம் இரண்டாவதற்கே இடமளிக்கிறது. சாக்கடல் கரையில் கும்ரான் பகுதியில் வாழ்ந்த குழுவினர் அவ்வாறே கொண்டு, வனாந்தரத்திற்குச் சென்று தங்கி, பாதை அமைப்பது என்பதற்கு வேதத்தை ஆய்தல் என்று பொருள் கண்டனர். 1947இல் பதவீ இடையர்கள் குகைகளில் கண்டெடுத்த சுருள்களில் அவர்களின் ஒழுக்க விதிநூலும் ஒன்று. இவ்விளக்கம் அதில் உள்ளது. இன்ஜீல்களோ கிரேக்க மொழிபெயர்ப்பைப் பின்பற்றிக் குரலை வனாந்தரத்தில் வைத்தன. அக்குரல் யஹ்யா (அலை) அவர்களுடையது என்றன. ஒரு வக்ஃபு மாறியதில் ஒருபுறம் நூலாய்வுக் குழுவும், மறுபுறம் ஒட்டக உரோம ஆடையணிந்து, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் உண்டு, ஊராரைத் திருந்த அழைத்த ஒரு நபியும்!

உரோம ஆளுநர்கள் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்த்தார்களா என்பது ஐயமே. முதல் நூற்றாண்டின் நடுவில், வனாந்தரத்தில் விடுதலையின் அடையாளங்களைக் காட்டுவதாகக் கூறி மக்களைத் திரட்டிச் சென்ற பலரையும் அவர்கள் படையனுப்பி அழித்ததை யூத வரலாற்றாசிரியர் ஜோஸஃபஸ் எழுதியிருக்கிறார். அவரே இளமையில் பன்னூஸ் என்ற வனாந்தரவாசியிடம் மூன்றாண்டுகள் பயின்றவர். மேசியா வனாந்தரத்தில் இருக்கிறார் என்று எவரேனும் சொன்னால் போகவேண்டாம் என்ற எச்சரிக்கை மத்தேயு நூலில் இடம்பெற்றிருப்பதன் பின்னணி இதுதான்.

ஈஸா (அலை) அவர்கள் வனாந்தரத்தில் நாற்பது நாள் நோற்றுச் சோதிக்கப்பட்டதாக இன்ஜீல்கள் கூறும் நிகழ்ச்சி திருக்குர்ஆனில் இடம்பெறவில்லை. மாற்கு இதனை இரண்டே வாசகங்களில் முடித்துவிடுகிறார். மத்தேயுவும் லூக்காவும் மூன்று சோதனைகளை விரிக்கின்றனர். கல்லை அப்பமாக்குதல், ஆலய உச்சியிலிருந்து குதித்தல், உலக அரசுகளைப் பெறுதல் ஆகிய மூன்றிற்கும் அவர்கள் அளித்த விடைகள் உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து, அதாவது பனூ இஸ்ராயீலின் வனாந்தர வாழ்வை நினைவூட்டும் பகுதியிலிருந்து, எடுக்கப்பட்டவை. ஒரு சமுதாயம் நாற்பதாண்டுகளில் தவறிய பாடத்தை ஒருவர் நாற்பது நாளில் ஓதி முடித்தார் என்பதே அவ்வாசிரியர்களின் கருத்து எனலாம். மூன்று சோதனைகளும் உடைமை பற்றியவையே என்பதும் கருதத்தக்கது.

இனி எகிப்து. கி.பி. 251ஐ ஒட்டிப் பிறந்த அந்தோணியார் கோமா என்ற சிற்றூரின் நிலக்கிழார் மகன். முந்நூறு அரூரா நிலம், இன்றைய கணக்கில் சுமார் 200 ஏக்கர், அவருக்கு வந்தது. உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுக்குமாறு கூறும் இன்ஜீல் பகுதி ஆலயத்தில் ஓதப்பட்டதைக் கேட்டு, நிலத்தை ஊராருக்கே விட்டுவிட்டார். முதலில் ஊர்ப்புறம், பின்னர்க் கல்லறைகள், அதன்பின் பாழடைந்த கோட்டையொன்றில் இருபதாண்டுத் தனிமை, இறுதியில் செங்கடலை அடுத்த மலை என அவருடைய வாழ்வு மனிதக் குடியிருப்பிலிருந்து படிப்படியாக விலகியது. கி.பி. 356இல் இறக்கும்போது இரு ஆட்டுத்தோல்களையும் ஓர் உரோமச் சட்டையையும் பங்கிட்டுக் கொடுத்து, புதைக்கும் இடத்தை எவருக்கும் தெரிவிக்க வேண்டாம் என்றார். ஆறடி நிலத்திற்குக்கூட அவர் பெயர் ஒட்டிக்கொள்ளவில்லை.

இத்தகையோரைக் குறிக்கும் 'அனகோரேத்தஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'விலகிச் சென்றவர்' என்பது பொருள். இதே வேர்ச்சொல் எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளில் வேறொரு கூட்டத்தாருக்கும் வழங்குகிறது. வரி கட்ட இயலாமல் ஊரைவிட்டு ஓடிய உழவர்களே அவர்கள். ஊரின் வரிக்கணக்கில் பெயர் உள்ளவன் மனிதன், இல்லாதவன் 'விலகியவன்'. துறவியரின் பெருக்கத்திற்குப் பக்தியொன்றே காரணமா, வரியும் காரணமா என்ற விவாதம் வரலாற்றாசிரியரிடையே உண்டு. இரண்டையும் பிரிக்க முயல்வதே பிழை என்று நமக்குத் தோன்றுகிறது. நகர்மன்றக் கடமைகளைத் தட்டிக்கழித்துத் துறவியருடன் சேர்ந்துகொள்வோரை இழுத்துவருமாறு பேரரசர் வாலென்ஸ் (ஆட்சி 364–378) சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

ஆனால் உரிமையற்ற வெளிக்குப் பல்லாயிரவர் சென்றால் நிகழ்வது என்ன? அந்தோணியாரின் வரலாற்றை எழுதிய அத்தனாசியுஸ், பாலைவனம் துறவியரால் நகரமாயிற்று என்று பெருமிதத்துடன் குறித்தார். கெய்ரோவின் வடமேற்கில் நித்ரியா என்ற இடத்தை நான்காம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட பல்லாதியுஸ் தரும் விவரங்கள் சுவையானவை. அங்கே ஐயாயிரம் பேர் வாழ்ந்தனர். உட்பாலையில் இருந்த அறுநூறு பேருக்கும் சேர்த்து ஏழு ரொட்டி அடுமனைகள் இயங்கின. விருந்தினர் விடுதியில் ஒரு வாரம் சும்மா இருக்கலாம். அதன்பின் தோட்டத்திலோ அடுமனையிலோ சமையலறையிலோ வேலை செய்தாக வேண்டும். ஆலயத்தருகே மூன்று பேரீச்ச மரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சவுக்கு தொங்கியது. தவறிய துறவிக்கும் பிடிபட்ட கள்வனுக்கும் வழிதவறி வந்த பிறருக்குமென அவை வைக்கப்பட்டிருந்தன. அடுமனை, விடுதி, சவுக்கு இவை மூன்றும் வந்தபின் நகரத்திற்கு வேறென்ன குறை?

துறவியர் இதனை உணராதவர்கள் அல்லர். கெல்லியாவில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாகிரியுஸ், நண்பகல் நேரத்தில் துறவியைப் பிடிக்கும் ஒருவகைச் சோர்வை ஓர் ஷைத்தானாக வருணித்தார். பொழுது நகராததுபோல் தோன்றுவது, அடிக்கடி சாளரத்தை நோக்குவது, சகோதரர்கள் எவரும் அன்பு காட்டுவதில்லை என்று நினைப்பது, வேறிடம் சென்றால் நன்றாக இருக்கும் எனக் கருதுவது என அவர் அடுக்கும் அறிகுறிகளைப் படிக்கும்போது, பாலைவனத்திற்குச் சென்றவர் தம்முடன் எதை எடுத்துச் சென்றார் என்பது விளங்கும். பெண் துறவியரான சின்கிளேத்திகா, கூட்டத்தின் நடுவிலும் உள்ளத்தால் தனித்திருக்க முடியும். தனித்திருப்பவரும் எண்ணக் கூட்டத்தின் நடுவில் வாழக்கூடும் என்ற கருத்தை விட்டுச்சென்றார். அந்தோணியாருக்கு இணையானவர் ஒருவர் நகரத்தில் இருப்பதாக அவருக்கே அறிவிக்கப்பட்டது என்றும் ஒரு செய்தி உண்டு. அவர் ஒரு மருத்துவர். மிஞ்சிய வருவாயை எளியவருக்குக் கொடுத்துவிட்டு இறைவனைத் துதித்து வந்தவர். மணத்தழையுடன் ஓடிய யூத முதியவரை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அரபியர் இத்துறவியரை நன்கறிவர். இம்ருல் கைஸின் முஅல்லகாவை ஓதிய எவரும் அதில் உவமையாக வரும் துறவியின் விளக்கை மறந்திருக்க முடியாது. இரவில் பாதை தவறிய ஒட்டகக்காரனுக்கு அவ்விளக்கு வழிகாட்டி. திருக்குர்ஆன் துறவறத்தை அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது என்று கூறுகிறது. அதே இடத்தில் இறைவனின் திருப்தியை நாடியதையும் குறிக்கிறது. மாயிதா அத்தியாயத்தில் துறவியரிடம் செருக்கின்மையைப் போற்றவும் செய்கிறது. முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டிப் பழகிய நாம் ஏனைய இரண்டிற்கும் செவிசாய்த்தால்தான் வரலாற்றை நேர்மையாகப் படித்தவர்களாவோம்.

ஸீனாய் மலையடியில் எரியும் புதர் காணப்பட்டதாகக் கருதப்படும் இடத்தில் பேரரசர் ஜஸ்டினியன் ஆறாம் நூற்றாண்டில் கோட்டைமதிலுடன் எழுப்பிய மடம் பின்னர்ப் புனித கேத்தரின் பெயரால் வழங்கலாயிற்று. அதன் மதிலுக்குள் ஃபாத்திமியர் காலத்துப் பள்ளிவாசல் ஒன்று இன்றும் இருக்கிறது. மடத்தைச் சுற்றிலும் வாழும் முஸ்லிம்களான ஜபலிய்யா பதவீகள், அதனைக் காக்க ஜஸ்டினியன் அனுப்பிய வீரர்களின் வழித்தோன்றல்கள் என்று தம்மைக் கூறிக்கொள்கின்றனர். நபி (ஸல்) அவர்களின் பெயரால் அமைந்த பாதுகாப்புப் பட்டயம் ஒன்றும் அம்மடத்தில் போற்றப்படுகிறது. அதன் வரலாற்று உண்மையில் ஆய்வாளர்கள் ஐயம் தெரிவித்துள்ளனர் என்பதையும் கூறிவிட வேண்டும். 2025 மே 28 அன்று எகிப்தின் இஸ்மாயிலிய்யா மேல்முறையீட்டு நீதிமன்றம், மடத்தையும் அதனைச் சார்ந்த சமய இடங்களையும் பயன்படுத்தும் உரிமை துறவியருக்கு உண்டு, ஆனால் அவை அரசின் பொதுவுடைமை என்று தீர்ப்பளித்தது. உரிமையாளர் எவருமில்லாத இடத்தில் அருளப்பட்டது என்று ரப்பிமார் பெருமை கொண்டாடிய அதே மலையடியில்தான் உரிமையாளர் யார் என்ற வழக்கு நடந்தது.

நாம் முன்னர் நிறுத்திய 'மவாத்' என்ற சொல்லுக்கு இங்கே வரவேண்டும். ஹனஃபி மாணவர்கள் ஓதும் 'குதூரி'யில் இதன் இலக்கணம் உள்ளது. உரிமையாளர் அறியப்படாததாகவும், ஊரின் கடைசியில் ஒருவர் நின்று உரக்கக் கூவினாலும் அக்குரல் எட்டாத தொலைவில் உள்ளதாகவும் இருக்கும் நிலமே மவாத். குரல் எட்டாத இடம்! ஏசாயாவின் குரலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த இலக்கணம் நமக்கு நினைவில் வராமல் இருப்பதில்லை. அத்தகைய நிலத்தை உழைத்து உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்பது அச்சட்டத்தின் நோக்கம். ஆட்சியாளரின் அனுமதி வேண்டுமா என்பதில் மட்டுமே இமாம்கள் வேறுபட்டனர்.

1858ஆம் ஆண்டின் உஸ்மானிய நிலச்சட்டம் இந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டு, தொலைவை ஒன்றரை மைல் அல்லது அரைமணி நேர நடை என்று கணக்கிட்டது. 1921இல் ஃபலஸ்தீனை ஆண்ட ஆங்கிலேயர் பிறப்பித்த மவாத் நிலச்சட்டம் அதன் நோக்கத்தைத் தலைகீழாக்கியது. அனுமதியின்றி அந்நிலத்தைப் பண்படுத்தியவருக்கு உரிமை பிறக்காது. அவர் அத்துமீறியவர் ஆவார். உயிர்ப்பித்தவன் உரிமையாளன் என்ற நிலை போய், உயிர்ப்பித்தவன் குற்றவாளி என்றாயிற்று. பெயர்ஸபாவைச் சூழ்ந்த நகப் பாலையின் பதவீகள் தம் மூதாதையர் நிலத்தைக் கோரியபோது, 1984இல் ஹவாஷிலா குடும்பத்தாரின் வழக்கில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் இச்சட்டங்களின் அடிப்படையிலேயே அது மவாத் என்று தீர்ப்பளித்தது. குரல் எட்டும் தொலைவை அளக்க ஓர் ஊர் வேண்டும். பதவீகளின் கூடாரங்கள் ஊராகக் கொள்ளப்படவில்லை.

அப்பகுதி பாழாகக் கிடந்தது என்பதற்கு அத்தீர்ப்பு எடுத்துக்காட்டிய சான்றுகளுள் எட்வர்டு பால்மரின் பயண வருணனையும் ஒன்று. பால்மர் கேம்பிரிட்ஜில் அரபிப் பேராசிரியராக இருந்தவர். 1880இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பை நம் துறையினர் அறிவர். 1882இல் ஸீனாயில் பதவீகளால் கொல்லப்பட்டார். 1869–70ஆம் ஆண்டுகளில் அவர் தீஹ் மேட்டுநிலத்தையும் நகபையும் நடந்து கடந்தது, பனூ இஸ்ராயீல் எகிப்திலிருந்து வந்த வழியைக் கண்டறிவதற்காக. நாற்பதாண்டுகள் கூடாரங்களில் வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் தடத்தைத் தேடி அவர் எழுதிய குறிப்புகள், கூடாரங்களில் வாழ்ந்த வேறொரு சமுதாயத்திற்கு அங்கே ஊர் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாயின. 2010 ஜூலை 27 அன்று பெயர்ஸபாவுக்கு வடக்கிலுள்ள அல்அராகிப் என்னும் பதவீச் சிற்றூர் இடிக்கப்பட்டது. அதன்பின் இருநூறு முறைக்கு மேல் இடிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவ்வூரார் தம் பழைய மையவாடியை ஒட்டி மீண்டும் கூடாரம் அடித்துக்கொண்டனர்.